நார்மல் பெட்டி

பிப்ரவரி 16

ஆமாம், விரல் இன்னும் வலிக்கிறது. ஒரு சொட்டு என்று சொல்லிவிட்டுக் கிணறே தோண்டிவிட்டாய், அக்கா.

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஏறியதும் தூங்கியவளைக் கண்டக்டர் அணை வாசலில் தட்டி எழுப்பினார். இங்கே எதுவும் மாறவில்லை. அதே தண்ணீர், சுவரில் வரைந்த அதே அளவுகோல். காலையும் மாலையும் படியிறங்கி நீர்மட்டம் பார்த்து எழுதுகிறேன். வியாழக்கிழமை ஜீப் வந்தால் தபால் போகும். போன் என்ஜினியர் அறையில்தான். அதில் பேசினால் நான் என்ன சாப்பிட்டேன் என்பது அணைக்கே தெரிந்துவிடும்.

உங்கள் ரத்த லேபைப் பற்றி இங்கே சொன்னேன். யாரும் நம்பவில்லை. திங்கள்தோறும் புதுச் சாயம் கலக்குவீர்களாம். அது சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க உங்களிலேயே ஒருத்தர் விரலைக் குத்திக்கொள்வீர்களாம். அந்த ஸ்லைடில் பென்சிலால் 'நார்மல்' என்று எழுதி, தேதி போட்டு, மரப்பெட்டியில் அடுக்கிவிடுவீர்களாம். பெயர்கூடக் கிடையாது. எதற்குப் பெயர், பெட்டி முழுக்க உன் ரத்தம்தானே. "எங்க லேப்ல நார்மல்னா அது இவங்கதான்" என்று உன் டாக்டரம்மா சொன்னபோது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பரிசு வாங்கியவள் மாதிரி.

"இந்த வாரம் நீ குடுடீ" என்றாய். இப்போது அந்தப் பெட்டியில் நானும் இருக்கிறேன். பெருமையாகத்தான் இருக்கிறது.

அத்தானின் குறட்டை நலமா? நான் நலம்.

குருவி


பிப்ரவரி 23

அன்புள்ள குருவிக்கு,

நீ நலம் என்று எழுதிவிட்டாய், அதனால் நாங்களும் நலம். குறட்டை தினமும் புது ராகம்.

உன் ஸ்லைடு அழகாக வந்தது. நல்ல நீலம். என் ரத்தத்துக்குச் சாயம் ஒரு நாளும் இப்படிப் பிடித்ததில்லை. பஸ்ஸுக்கு ஓடிய அவசரத்திலும் உன்னிடம் சொன்னேனே.

இங்கே வந்தபோது உன் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. வேளைக்குச் சாப்பிடு. உடம்பு பத்திரம்.

அக்கா


ஜூன் 10 (அனுப்பாதது)

குருவி,

நல்ல நீலம் என்று எழுதினேன். அந்த நீலம் முழுக்க வெள்ளணுக்களின் உட்கரு.

நேற்று டாக்டரம்மா மாணவர்களுக்குக் காட்டுவதற்காக நார்மல் பெட்டியிலிருந்து கைக்கு வந்த ஒரு ஸ்லைடை எடுத்தார். லென்ஸில் வைத்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். "இது உன்னோடதுதானே?" என்றார். குரல் கீழே போயிருந்தது. அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிப்ரவரி 10, நீ ஊருக்குக் கிளம்பிய திங்கள். பென்சில், என் கையெழுத்து.

உடனே என்னை உட்கார வைத்து ரத்தம் எடுத்தார்கள். வெள்ளணுக்கள் ஏழாயிரத்து இருநூறு. அசல் நார்மல். "அப்பாடா. எவனோ ஸ்லைடை மாத்தி வெச்சிருக்கான். ஒரு நிமிஷம் என் உயிர் போயிடுச்சு" என்று டாக்டரம்மா என் தலையில் குட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த வாயை எப்படி மூடுவது என்று தெரியவில்லை.

பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் பார்த்தேன். லென்ஸில் ஒரு பார்வைக்குத் தெரிகிற வட்டத்தில் இரண்டோ மூன்றோ வெள்ளணு இருக்க வேண்டிய இடத்தில் இருபது. முதிர்ந்தவை, பாதி முதிர்ந்தவை, எலும்பு மஜ்ஜையின் வாசலைத் தாண்டவே கூடாத பிஞ்சுகள். எல்லா வயதும் ஒரே தெருவில்.

வழக்கமாக நார்மல் ஸ்லைடை ஒரு தடவையாவது லென்ஸில் வைப்போம், நிறம் பார்க்க மட்டும். அன்றைக்கு அதுவும் செய்யவில்லை. நீ பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாய். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அழகா இருக்கு" என்றேன்.

நான்கு மாதம்.

ஒரே ஸ்லைடை வைத்துச் சொல்லக் கூடாது. கடுமையான தொற்று இருந்தாலும் சில சமயம் இப்படித் தெரியும். இரண்டாவது ரத்தம் பார்க்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் எங்கள் வேலையின் முதல் விதி.

உனக்கு


ஜூன் 10

அன்புள்ள குருவிக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு நான் பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விடுவது வழக்கம். இந்தத் தடவை பதில் வேண்டும்.

சாப்பாடு ஒழுங்காக இறங்குகிறதா, பாதியிலேயே வயிறு நிறைந்துவிடுகிறதா? இடது விலாவுக்குக் கீழே கனம் உண்டா? தூக்கத்தில் தலையணை நனைய வியர்க்கிறதா? எங்கும் இடித்துக்கொள்ளாமலே தோலில் நீலம் கட்டுகிறதா? பல் தேய்த்தால் ரத்தம்? பிப்ரவரியில் இங்கே வந்தபோது சளியோ காய்ச்சலோ இருந்ததா? நன்றாக யோசித்து எழுது.

சும்மாதான் கேட்கிறேன். மழைக்காலம் வருகிறதல்லவா.

அக்கா


ஜூன் 19

மாண்புமிகு விசாரணை அதிகாரி அவர்களுக்கு,

இது நலம் விசாரிப்பா, குறுக்கு விசாரணையா? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பதில் சொல்கிறேன்.

பிப்ரவரியில் சளி இல்லை. உங்கள் வீட்டில் நாலு நாளும் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. பல், தோல் எல்லாம் சுத்தம். சாப்பாடு: நாலு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. சமையல்காரருக்கு என் மேல் கோபம். "ஏம்மா, கோழி மாதிரி கொத்திட்டுப் போறீங்களே, என் சமையல் அவ்வளவு கேவலமா?" இடது விலா: அட, ஆமாம். உள்ளே ஒரு செங்கல்லைச் செருகி வைத்த மாதிரி. எப்படிக் கண்டுபிடித்தாய்? வியர்வை: தகரக் கூரையின் கீழே யாருக்குத்தான் வியர்க்காது. அளவுகோலுக்கு இறங்கி ஏற நூற்றுப் பன்னிரண்டு படி. முன்பெல்லாம் ஒரே மூச்சு. இப்போது இரண்டு இடத்தில் நின்று இயற்கை அழகை ரசிக்கிறேன். இருபத்தேழு வயதில் கிழவியாகிவிட்டேன், வேறொன்றுமில்லை.

இங்கே ஒரு கூத்து. தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால் உடனே அபாயச் சங்கை ஊத வேண்டும். சரியாகத்தான் பார்த்தோமா என்று சோதிப்பதெல்லாம் அப்புறம். போன வாரம் கோட்டின் மேல் ஒதுங்கிய மரக்கிளையைத் தண்ணீர் என்று நினைத்து ஊதிவிட்டேன். கீழே இருக்கிற ஊரே மேட்டில் ஏறி நின்றுகொண்டு என் பரம்பரையைத் திட்டியது. என்ஜினியர் மட்டும் திட்டவில்லை. "தப்பா ஊதினா திட்டு வாங்கலாம்மா. ஊதாம விட்டா திட்டறதுக்கு ஆள் இருக்க மாட்டாங்க" என்றார்.

விசாரணை முடிந்ததா? விடுதலை உண்டா?

குருவி


ஜூன் 24

அன்புள்ள குருவிக்கு,

நேற்று போனில் சரியாகப் பேச முடியவில்லை. லைன் சரியில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். உன் என்ஜினியர் என்ன நினைத்தாரோ.

ஒரு உதவி. ஆரோக்கியமாக இருப்பவர்களின் ரத்த எண்ணிக்கையை வைத்து லேபில் ஒரு பட்டியல் தயாரிக்கிறோம். உயரமான இடத்தில் வசிப்பவர் ஒருவர் குறைகிறார். டவுன் ஆஸ்பத்திரியில் போய் முழு ரத்த எண்ணிக்கை என்று கேள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ஜீப்பிலேயே ஏறிவிடு. அடுத்த வியாழன் வேண்டாம். அதே ஜீப்.

வெறும் பட்டியலுக்குத்தான்.

அக்கா


ஜூன் 28

அக்கா,

டவுனிலிருந்து எழுதுகிறேன். ஆஸ்பத்திரி பெஞ்ச்.

மூன்று தடவை ரத்தம் எடுத்தார்கள். முதல் தடவை லேப்காரர் ஜோக்கடித்தார். "மெஷினுக்கு இன்னைக்கு மூட் சரியில்லம்மா, இன்னொரு தடவை கை நீட்டுங்க." இரண்டாவது தடவை பேசவில்லை. மூன்றாவது தடவை மற்றக் கையில் எடுத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளணுக்கள் ஒரு லட்சத்து எண்பதாயிரம். பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டுமாம்.

டாக்டர் படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். செங்கல் இல்லையாம், மண்ணீரலாம். தொப்புள்வரை வந்துவிட்டதாம். ரத்தப் புற்றுநோய் மாதிரி தெரிகிறது என்றார். மாதிரி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சார், நான் எங்க அக்காவோட பட்டியலுக்குத்தான் வந்தேன்." அவருக்குப் புரியவில்லை. "எந்தப் பட்டியல்?" என்றார்.

வெளியே வந்து உட்கார்ந்தேன். எதிரே ஒரு தண்ணீர்க் குழாய். சொட்டிக்கொண்டே இருந்தது. எண்ணினேன். எழுநூறுவரை எண்ணினேன். அதற்குப் பிறகுதான் உன் கேள்விகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. நாலு வாய்ச் சோறு. இடது விலா. தலையணை. பிப்ரவரியில் சளி இருந்ததா, நன்றாக யோசித்து எழுது.

என் சொட்டை நீ லென்ஸில் பார்த்தது எந்தத் தேதி? தேதியை மட்டும் எழுது. நலம் விசாரிக்காதே.


ஜூலை 1

ஜூன் 9.

நீ கேட்டது அவ்வளவுதான். மீதியைப் படிக்காமல் கிழித்துப்போடலாம். ஆனால் படித்துவிட்டுக் கிழி.

வெள்ளணுப் புற்றில் முக்கியமானவை நான்கு. வேகமானவை இரண்டு, மெதுவானவை இரண்டு. ஒவ்வொன்றிலும் லிம்போசைட் வகையில் தொடங்குவது ஒன்று, மைலாய்டு என்கிற மற்ற வகையில் தொடங்குவது ஒன்று. வேகமானதில் பிஞ்சு அணுக்களே பெருகி, சில வாரங்களில் ஆளைச் சாய்த்துவிடும். உடனே படுக்க வைத்துக் கடுமையான மருந்து ஏற்ற வேண்டும். சிலருக்கு மஜ்ஜையையே மாற்ற வேண்டும். உன் ஸ்லைடில் எல்லா வயது அணுக்களும் இருந்தன. அதனால் மெதுவான மைலாய்டாக இருக்கலாம். அதற்கு மாத்திரை இருக்கிறது. ஆனால் மெதுவானது என்றைக்கும் மெதுவாகவே இருக்காது. விட்டால் ஒரு நாள் அதுவும் வேகமானதாக மாறும்.

உறுதி செய்ய இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துக் குரோமோசோம் பார்ப்பார்கள். ஒன்பதாவதும் இருபத்திரண்டாவதும் ஒரு துண்டை மாற்றிக்கொண்டிருந்தால், அதுதான். புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு இன்றே போ. முகவரி பின்பக்கத்தில்.

நான் வரட்டுமா?

அக்கா


ஜூலை 29

வராதே.

வந்தால் என் முகத்தைப் பார்ப்பாய், வயிற்றைப் பார்ப்பாய், ஒன்றும் சொல்லாமல் தலையணை உறையை மாற்றுவாய். இப்போது அதைத் தாங்க முடியாது.

நீ சொன்னபடிதான் எல்லாம். குப்புறப் படுக்க வைத்து மரத்துப்போக ஊசி போட்டு, இடுப்பெலும்பில் திருகி எடுத்தார்கள். வலியைவிட அந்தச் சத்தம். ஒன்பதும் இருபத்திரண்டும் மாற்றிக்கொண்டிருக்கின்றன. நல்ல வகையாம். என் கையைக் குலுக்கிவிட்டு அப்படிச் சொன்னார் டாக்டர். இருப்பதிலேயே நல்ல வகை. பரிசு வாங்கியவள் மாதிரி நானும் சிரித்தேன். 14ஆம் தேதியிலிருந்து மாத்திரை. சாப்பிட்டதும் ஒன்று, பெரிய டம்ளர் தண்ணீரோடு. தினமும். எத்தனை நாள் என்று கேட்டேன். "நாள்கணக்கு வேண்டாம்மா. பல் தேய்க்கிற மாதிரி நினைச்சுக்கோங்க" என்றார்.

பிப்ரவரிக்காக உன் மேல் எனக்குக் கோபமில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று குதித்தவள் நான்தான். ஆனால் ஜூன் 9இலிருந்து ஜூன் 28வரை பத்தொன்பது நாள். அந்தப் பத்தொன்பது நாளும் நான் தினம் இரண்டு தடவை நூற்றுப் பன்னிரண்டு படி இறங்கி ஏறினேன். உனக்குத் தெரியும். சிவப்புக் கோட்டுக்கு மேலே தண்ணீர் நின்றது. நீ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்க்கலாம் என்று இருந்தாய்.

என் பதில்களை எங்கே எழுதி வைத்தாய்? டிக் போட்டாயா?


ஆகஸ்ட் 11

குருவிக்கு,

நலமா என்று எழுதக் கை வரவில்லை. அந்தக் கேள்வியை நானே கெடுத்துவிட்டேன்.

டிக் போட்டேன். உன் கடிதத்தின் ஓரத்திலேயே. பென்சிலால்.

விதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இரண்டாவது ரத்தம் பார்க்காமல் பேசக் கூடாது என்ற விதி நல்ல விதிதான். ஆனால் அன்றைக்குப் போனில் லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ "ஹலோ" என்றபோதே சிரித்துக்கொண்டிருந்தாய். பின்னால் யாரோ ஏதோ சொல்ல, "சும்மா இருங்க சார், எங்க அக்கா" என்றாய். அந்தக் குரல் இன்னும் ஒரு நாள் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். பத்தொன்பது நாளும் தினம் ஒரு தடவை அப்படி நினைத்தேன். அதற்கு விதி ஒன்றும் கிடையாது.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. பெட்டியைத் திறந்து முதல் ஸ்லைடிலிருந்து ஒவ்வொன்றாகத் தானே பார்த்தார். நூற்று நாற்பத்தொன்று. மற்றவை சரியாக இருந்தன. இப்போது நார்மல் ஸ்லைடிலும் பெயர் எழுதுகிறோம், நூறு அணு எண்ணுகிறோம்.

நான் எண்ணுவதில்லை. லென்ஸில் கண் வைத்தால் எல்லாமே பிஞ்சாகத் தெரிகிறது. மூன்று வாரமாகச் சாயம் மட்டும் கலக்குகிறேன். "கண்ணு தானா திரும்பி வரும், அதுவரைக்கும் இரு" என்கிறார். பதினோரு வருஷம் இதே நாற்காலி. இப்போது அதில் உட்காரப் பயமாக இருக்கிறது.

திட்டியாவது எழுது.

அக்கா


செப்டம்பர் 8

குருவிக்கு,

நான்கு வியாழன் போய்விட்டன. ஜீப் ஓடுகிறதா?

அத்தான் குறட்டை விடுவதில்லை. தூங்கினால்தானே.

அக்கா


அக்டோபர் 14

அக்கா,

ஜீப் ஓடுகிறது. எனக்குத்தான் எழுத வரவில்லை. இரண்டு கடிதம் எழுதி அனுப்பாமல் வைத்திருக்கிறேன். சொல்லாமல் வைத்துக்கொள்வதும் பரம்பரை வியாதி போல.

அணைக்குத் திரும்பிவிட்டேன். படியிறங்க வேறு ஆள் போட்டிருக்கிறார்கள். நான் மேலே உட்கார்ந்து அவர் கத்துகிற எண்ணை எழுதுகிறேன். காலையில் இமை வீங்கித் தவளை மாதிரி எழுந்திருக்கிறேன். கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. சமையல்காரர் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டார். இப்போது கொத்துவதற்கு எனக்குத் தனித்தட்டு. திட்டுவதில்லை. திட்டினால் தேவலை.

மூன்று மாதத்தில் மாத்திரை வேலை செய்கிறதா என்று தெரியுமாம். சிலருக்குப் பிடிக்காது. அப்படியானால் வேறு மாத்திரை, அதுவும் இல்லையென்றால் மஜ்ஜை மாற்றுவது. அதற்கு முதலில் உன்னுடையது பொருந்துமா என்று பார்ப்பார்களாம். பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்புதானாம். உனக்குத் தெரியாததா.

நேற்று ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாத ரத்தம் எடுத்தார்கள். என்னிடம் ஒரு எண் சொன்னார்கள். அதை உனக்கு எழுத மாட்டேன். இப்போது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. எப்படி இருக்கிறது?

ஒரு சொட்டைக் கண்ணாடியில் இழுத்து, காயவைத்து, சாயம் போடாமல் தரச் சொன்னேன். "எதுக்கும்மா?" என்றார் அங்கிருந்தவர். "எங்க அக்கா கல்லுளிமங்கி சார், வாயால கேட்டா பதில் வராது. கண்ணாடியில கேக்கணும்" என்றேன். பஞ்சில் சுற்றி இத்துடன் வைத்திருக்கிறேன். மேலே எதுவும் எழுதவில்லை. அதை நீ எழுது.

ஜன்னலில் பிடிக்காதே. வேறு யாரையும் பார்க்கவிடாதே. நீ எண்ணு. எண்ணி முடித்ததும் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் அணையில் ஒரு விதி இருக்கிறது.

குருவி


அக்டோபர் 20

அன்புள்ள குருவிக்கு,

கண்ணாடி உடையாமல் வந்து சேர்ந்தது. இன்று திங்கள். புதுச் சாயம். உன் ஸ்லைடு காய்கிறது, அதுவரை இதை எழுதுகிறேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன்.

"நான் பாக்கட்டுமா?" என்று கேட்டார் டாக்டரம்மா. "வேண்டாம் டாக்டர்" என்றேன். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

காய்ந்துவிட்டது. நிறம் என்ன என்று பார்க்கவில்லை. நேராக லென்ஸ்.

முதல் பார்வையில் சிவப்பணுக்கள் மட்டும். இரண்டாவதிலும். வெள்ளணுக்களைத் தேட வேண்டியிருக்கிறது. தேட வேண்டியிருக்கிறது, குருவி.

இருபத்தைந்து. பிஞ்சு இல்லை.

நாற்பத்தொன்று. ஒன்று பெரிதாக இருந்தது. கையை எடுத்துவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். மோனோசைட். பெரிதாக இருப்பது அதன் சுபாவம்.

எழுபது.

நூறு. நியூட்ரோஃபில் 58, லிம்போசைட் 33, மோனோசைட் 6, ஈசினோஃபில் 3. பிஞ்சு எதுவும் இல்லை.

இந்த நூறு மட்டும் போதாது. நோய் போய்விட்டது என்று இதற்கு அர்த்தமில்லை, அடங்கியிருக்கிறது என்றுதான் அர்த்தம். ஜீன் சோதனை முடிவு வர வேண்டும். மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது. முறைப்படி இன்னொரு நூறு எண்ணிப் பார்த்துவிட்டு, டாக்டரம்மாவையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லி


அவள் அந்த வரியை முடிக்கவில்லை. இரண்டாவது நூறும் எண்ணவில்லை. பென்சிலை எடுத்து ஸ்லைடின் ஓரத்தில் தங்கையின் பெயரை எழுதினாள். பிறகு டாக்டரம்மாவின் அறைக்குப் போய், மேசை மேலிருந்த போனை எடுத்து, அணை என்ஜினியர் அறையின் எண்ணைச் சுழற்றினாள்.